கையெழுத்தும் மனச்சம்மதமும்

வாப்பா மவுத்தாகி நாற்பது நாள்கூட ஆகியிராது. அதற்குள் மூத்த மகன் தங்கைக்குச் சொல்லியனுப்புகிறான்: "பத்திர ஆபீசுக்கு ஒரு நடை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ." அவளும் வருகிறாள். எழுதியிருப்பது விடுதலைப் பத்திரம். சிற்றாற்றுப் பாசன வயலிலும் வீட்டிலும் தனக்குள்ள பங்கை அண்ணன்மாருக்கு விட்டுக் கொடுத்ததாக அதில் கண்டிருக்கும். தென்காசி வட்டாரத்தில் இது புதிதல்ல. "மனப்பூர்வமாகத்தானே போட்டாள், ஹஜ்ரத்?" என்று பிறகு நம்மிடம் மஸ்அலா கேட்கிறார்கள்.

விடை காணுமுன் சட்டத்தைச் சற்றுப் பார்ப்போம். ஊர் வழக்கம் என்ற பெயரால் நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம் பெண்களுக்கு வாரிசுரிமை மறுக்கப்பட்டு வந்தது. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் அவ்வழக்கத்தை அகற்றிற்று. எனினும் விவசாய நிலத்தை விலக்கி வைத்தது. 1949-இல் சென்னை மாகாணத் திருத்தச் சட்டம் அவ்விலக்கையும் நீக்கியது. ஆகவே நஞ்சையிலும் புஞ்சையிலும் மகளுக்குப் பங்குண்டு என்பது மார்க்கம் மட்டுமல்ல, சர்க்கார் சட்டமும்தான். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-இல் கொண்டு வந்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. "இதை இஸ்லாம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தந்துவிட்டது" என்று நாம் மேடையில் முழங்குகிறோம். முழங்குபவர் வீட்டுத் தங்கையின் பங்கு எங்கே?

உஹதுப் போரில் ஷஹீதான ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக் கொண்டார். ஸஅதின் மனைவி இரு பெண்மக்களுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். வாரிசுரிமை ஆயத்து இறங்கியது. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதமே சகோதரருக்கு என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தாய் கேட்கத் துணிந்தார். நம் பெண்களோ கேட்கவே நாணுகிறார்கள்.

நாணத்தால் கொடுப்பது சம்மதமாகுமா? பிறரை வெட்கத்தில் ஆழ்த்திப் பொருள் பெறுவதும் அடித்துப் பறிப்பதும் ஒன்றே என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். அடி ஒன்று உடலில் விழுகிறது. மற்றது உள்ளத்தில் விழுகிறது. "மாட்டேன்" என்று சொன்ன பிறகும் அவள் பெருநாளன்று அந்த வீட்டுப் படியேறி, முகம் கோணாத உபசாரம் பெற முடியுமா? முடியுமென்றால் அது சம்மதம். முடியாதென்றால் அது வெறும் கையெழுத்து. பத்திரம் செல்லலாம்; மறுமையில் அது செல்லாது.

"கல்யாணத்துக்குப் பவுன் போட்டோமே!" என்பார்கள். வாப்பா உயிரோடிருக்கையில் தந்தது அன்பளிப்பு. வாரிசுப் பங்கோ அவர் இறந்த பின்னரே பிறக்கிறது. பிறக்காத பங்கை முன்கூட்டியே கழிப்பது எப்படி? மகனுக்கு இரு பங்கு ஏனென்று பிறர் கேட்டால், குடும்பச் செலவு அவன் பொறுப்பென்று பதில் கூறுகிறோம். பதில் சரியே. ஆனால் மகளின் ஒரு பங்கையும் விழுங்கியவனுக்கு அதைச் சொல்ல நா எழுமா?

சகோதரர்களே! முதலில் பாகம் பிரியுங்கள். அவள் பங்கை அளந்து அவள் கைவசம் ஒப்படையுங்கள். அதன் விளைச்சலை அவள் அனுபவிக்கட்டும். பிறகு அவளாக மனமுவந்து தந்தால், அது ஹலாலான அன்பளிப்பு.

பிறர் பங்கைக் கலவாத உணவை நம் வீடுகளுக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.