மீதி காட்டாத கதவு

2024 ஜனவரி 9ஆம் தேதி சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பெரியவர்கள் வைத்திருக்கும் பழைய ஈஸி-லிங்க் கார்டுகள் ஜூன் 1ஆம் தேதியிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் செல்லாது, எல்லோரும் சிம்ப்ளிகோ என்ற புதிய முறைக்கு மாறிக்கொள்ள வேண்டும். புதியதில் வசதிகள் அதிகம்தான். போனிலேயே பணம் ஏற்றலாம். கார்டு தொலைந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே முடக்கலாம். ஆனால் ஒன்று போய்விட்டது. கார்டைத் தட்டும்போது கதவில் இருக்கும் சின்னத் திரையில் எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு மீதி என்று இனி வராது. ஆப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஊர் கொந்தளித்துவிட்டது. பதின்மூன்றே நாளில், ஜனவரி 22ஆம் தேதி, அரசு பின்வாங்கியது. பழைய கார்டுகளைக் குறைந்தது 2030 வரையாவது ஓட்டுவதற்கு 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை, செலவழிக்கிறோம் என்றது.

ஒரு எண்ணைப் பார்க்க 4 கோடி டாலரா என்று சிரிக்கலாம். அதிகாரிகள் தரப்பில் நியாயமும் இருந்தது. பழைய கார்டில் பணம் கார்டின் சில்லுக்குள்ளேயே இருக்கிறது, கதவு அதைப் படித்து உடனே காட்டிவிடும். புதிய முறையில் கணக்கு எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. அதைக் கேட்டு, பதில் வாங்கி, திரையில் காட்டுவதற்குள் பின்னால் கூட்டம் தேங்கிவிடும். எல்லாம் சரி. ஆனாலும் மக்கள் கேட்டது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. அது நம்ம ஊரில் நாம் கேட்காமலே விட்ட ஒரு கேள்வியையும் கிளப்புகிறது. இன்னைக்கு நாம் பேசப்போவது அதைப் பற்றித்தான்: ஆட்டோ டாப்-அப்.

விஷயம் எளிது. கார்டில் பணம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால், வங்கிக் கணக்கிலிருந்தோ கிரெடிட் கார்டிலிருந்தோ ஒரு தொகை தானாக ஏறிக்கொள்ளும். 1997இல் வந்த ஹாங்காங்கின் ஆக்டோபஸ் கார்டில் இது ரொம்பப் பழகிய வசதி. லண்டன் ஆய்ஸ்டரில் உண்டு, ஈஸி-லிங்க்கிலும் உண்டு. மெட்ரோவிலும் பஸ்ஸிலும் பொதுவாகப் பயன்படுத்த இந்தியா கொண்டுவந்த என்சிஎம்சி கார்டுகளுக்கும் இதற்கு வழி திறந்தாகிவிட்டது. அந்த வகைக் கார்டுதான் 2023 ஏப்ரலில் சென்னை மெட்ரோவில் அறிமுகமான சிங்காரச் சென்னை கார்டும்.

இதில் என்ன கெடுதல்? முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிஜமாகவே நல்லது. காலை எட்டே முக்கால் மணிக்கு கார்டைத் தட்டி, கதவு திறக்காமல், சிவப்பு விளக்கு எரிந்து, பின்னால் நிற்கிறவர் ‘ச்’ கொட்டும் அந்த ஐந்து வினாடி இருக்கிறதே, அதில் இருப்பது வெறும் தாமதம் இல்லை. உன்னிடம் காசு இல்லை என்று ஒரு இயந்திரம் ஊருக்கே கேட்கும்படி கத்துகிறது. கண் தெரியாத ஒருவருக்கு டாப்-அப் இயந்திரத்தின் தொடுதிரை வெறும் கண்ணாடி. வேறு ஊரில் இருக்கும் மகள், வயசான அப்பாவின் கார்டைத் தன் கணக்கோடு இணைத்து வைத்திருந்தால் அதை அன்பு என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கவுன்ட்டர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அவளிடம் கேட்கவும் வேண்டியதில்லை.

இதற்கு ஒரு தத்துவமும் துணைக்கு உண்டு. வைட்ஹெட் 1911இல் எழுதிய கணித அறிமுக நூலில், யோசிக்காமலே செய்ய முடிகிற காரியங்கள் கூடக்கூடத்தான் நாகரிகம் முன்னேறுகிறது என்று வாதிடுகிறார். செய்வதை எல்லாம் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டும் என்ற வழக்கமான உபதேசத்தை அவர் தலைகீழாகத் திருப்பிவிடுகிறார். அவர் பக்கம் நிற்கத்தான் எனக்கும் ஆசை. கார்டு மீதியைக் கணக்குப் பார்ப்பது ஒரு தியானம், தானியங்கி மனிதனைச் சோம்பேறியாக்குகிறது என்றெல்லாம் எழுதுகிறவர்களைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. சோம்பல் இங்கே பிரச்சினையே இல்லை.

எனக்கு ஒரு சித்தி இருக்கிறார். தண்டையார்பேட்டையில் வீடு, அண்ணா நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. காலையில் மகளிருக்கு டிக்கெட் இல்லாத பஸ். ராத்திரி கடை மூட ஒன்பதரை ஆகிவிடும். அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் மெட்ரோ. திங்கட்கிழமை கார்டில் இருநூறு ரூபாய் போடுவார். ஆறு ராத்திரிக்கு அது கிட்டத்தட்ட சரியாக இருக்கும். நடுவில் ஒருநாள் காலையில் எழுந்திருக்க லேட்டாகி மெட்ரோ ஏறிவிட்டால் சனிக்கிழமை ராத்திரிக்குத் துண்டு விழும். அன்றைக்கு எவ்வளவு நேரமானாலும் நின்று பஸ்ஸில்தான் வருவார். வங்கிக் கணக்கில் பணமே இல்லையா என்றால், இருக்கும். ஆனால் அது அவர் மனக்கணக்கில் வேறு பணம்.

“ஆட்டோ போட்டுத் தரட்டுமா சித்தி, தானா ஏறிக்கும்” என்று ஒருமுறை கேட்டேன்.

“வேணாம்டா. தீர்ந்தா தீரட்டும். தீர்ந்தாத்தான எவ்ளோ ஆச்சுன்னு தெரியும்?”

பொருளாதாரத்தில் பணத்துக்கு முகம் கிடையாது. இந்த நூறும் அந்த நூறும் ஒன்று. நம்ம வீட்டுப் பெண்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அரிசி டப்பாவில் இருப்பது பால்காரனுக்கு, அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் இருப்பது யாருக்கும் தெரியாதது, புடவை மடிப்பில் இருப்பது பிள்ளையின் ஃபீஸுக்கு. ரிச்சர்ட் தேலர் 1980களில் இதற்கு மனக்கணக்கு என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார், 2017இல் நோபல் பரிசும் வாங்கினார். மனிதர்கள் பணத்தை இப்படிப் பிரித்து வைத்துக்கொள்வதால் சில சமயம் கணக்கில் தப்பு செய்கிறார்கள் என்பது அவர் காட்டிய ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தையும் அவர் மறைக்கவில்லை: தன்னைத் தானே கட்டுக்குள் வைத்துக்கொள்ள மனிதர்களுக்கு இது ஒரு வழி.

போக்குவரத்துக் கார்டு அப்படிப்பட்ட ஒரு டப்பா. அதற்கு அடி உண்டு என்பதுதான் அதன் பயனே. ஆட்டோ டாப்-அப் அந்த அடியில் ஒரு ஓட்டை போட்டு, கீழே இருக்கிற பெரிய டப்பாவோடு இணைத்துவிடுகிறது. பெரிய டப்பா நிறைந்திருக்கிறவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஓட்டை இருப்பதே அவருக்குத் தெரியாது. சித்தியின் கணக்கிலோ சம்பளம் ஒன்றாம் தேதி வந்து, ஐந்தாம் தேதி குழுக் கடன் தவணை தானாகப் போகும். நான்காம் தேதி ராத்திரி மெட்ரோ கதவு ஐந்நூறு ரூபாயை இழுத்துக்கொண்டால், மறுநாள் தவணைக்கு நூறு ரூபாய் குறையலாம். தவணை திரும்பினால் பல வங்கிகள் சில நூறு ரூபாய் அபராதம் போடுகின்றன. மினிமம் பேலன்ஸ் வைக்கச் சொல்லும் கணக்கென்றால் அதற்குத் தனி. ஒரு தானியங்கி இன்னொரு தானியங்கியைக் கலந்துகொண்டு எதையும் செய்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, இதை முதலில் கட்டு, அது நாளைக்கு ஆகட்டும் என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் நாம் வசதி என்ற பெயரில் எழுந்து போகச் சொல்லியிருக்கிறோம்.

கார்டு தொலைந்தாலும் இதே கதைதான். சாதாரணக் கார்டு தொலைந்தால் உள்ளே இருக்கும் நூற்றைம்பது ரூபாய் போகும். ஆட்டோ போட்ட கார்டை முடக்காமல் விட்டால், எடுத்தவர் கையில் இருப்பது நூற்றைம்பது ரூபாய் இல்லை, உங்கள் வங்கிக் கணக்கில் கட்டிய ஒரு கயிறு.

இந்தியாவில் ஒரு விதி உண்டு. 2021 அக்டோபரிலிருந்து, கார்டு, யுபிஐ வழியாகத் திரும்பத் திரும்பத் தானாகப் பிடிக்கும் பணம் என்றால், பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். சந்தா என்ற பேரில் சத்தமில்லாமல் காசை உருவும் ஆப்புகளிடமிருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றிய விதி. 2024 ஆகஸ்ட் 22ஆம் தேதி ரிசர்வ் வங்கி இதில் ஒரு விலக்கு கொடுத்தது. ஃபாஸ்டேக், என்சிஎம்சி இரண்டிலும் மீதி குறைந்து தானாகப் பணம் ஏறும்போது முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. காரணம் புரிகிறது. உங்கள் மீதி எப்போது குறையும் என்று யாருக்கும் முன்னாடியே தெரியாது, அப்புறம் எப்படி ஒரு நாள் முன்னால் சொல்வது? பிடித்த பிறகு செய்தி வரும். டோல்கேட்டில் கார் ஓட்டுகிறவருக்கு இது போதும். ஆனால் டோல்கேட்டும் மெட்ரோ கதவும் ஒரே வரியில், ஒரே விலக்கில் வந்ததுதான் உறுத்துகிறது. கார் வைத்திருக்கிறவரின் பழக்கத்தை அளவாக வைத்து பஸ் ஏறுகிறவருக்கும் சட்டை தைத்தாகிவிட்டது. ஜனவரியில் சிங்கப்பூரில் மக்கள் கதவு எண்ணைக் காட்டியே ஆக வேண்டும் என்றார்கள். ஆகஸ்டில் இங்கே முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்று முடிவானது. இங்கே யாரும் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

முன்பணமாகக் கார்டில் தூங்கும் காசைப் பற்றியும் பேசலாம். பயணி கொடுக்கும் வட்டியில்லாக் கடன் அது. நம்ம ஊர் கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுக்கும் பாக்கி ஞாபகம் இருக்கிறதா? இறங்கும் அவசரத்தில் கேட்காமல் போனவர்களின் இரண்டு ரூபாய்களைப் போலத்தான், மறந்துபோன ஆய்ஸ்டர் கார்டுகளில் கோடிக்கணக்கான பவுண்டுகள் கிடக்கின்றன. ஆனால் இது எனக்குச் சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. கண்டக்டரிடம் கேட்டால் பாக்கி கிடைக்கும்.

பெரிய ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. சித்தியை இப்படிப் புகழ்ந்து பேசுவது ஏழ்மையைக் கொண்டாடுவது இல்லையா? ஒவ்வொரு ராத்திரியும் மீதியைப் பார்த்துக்கொண்டே நடப்பது ஒரு சுமை. நமக்கு இல்லாத சுமை அவருக்கு எதற்கு?

இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன். ஆனந்தி மணி, எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோரோடு சேர்ந்து அவர் 2013இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் நடந்தது. 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாதபோதும், அறுவடை முடிந்து காசு வந்த பிறகும் அதே ஆட்களுக்கு அதே மாதிரிப் புதிர்களைக் கொடுத்தார்கள். காசு வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். வறுமையில் இருக்கும்போது மனசு ஓயாமல் கணக்குப் போடுகிறது, மற்ற எதற்கும் இடம் மிஞ்சுவதில்லை என்பது அவர்கள் கண்டது.

அப்படியானால் ஆட்டோ டாப்-அப் சித்தியின் தலையிலிருந்து ஒரு கணக்கை இறக்கி வைக்கிறது, நல்லதுதானே? இங்கேதான் நான் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டேன். அந்த விவசாயியின் தலை லேசானது, காசு வந்ததால். கணக்கு நோட்டை யாரோ ஒளித்து வைத்ததால் இல்லை. ஆட்டோ டாப்-அப் அறுவடைக்கு முன்னால் இருப்பவரிடம் போய், அறுவடை முடிந்தவரைப் போல நடந்துகொள் என்கிறது. கணக்கு போடும் வேலை போகாது. கதவருகே சில வினாடியில் முடிந்திருக்க வேண்டியது, ராத்திரி பதினொரு மணிக்கு வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகு தூக்கத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் இந்த வசதியையே தூக்கிவிடச் சொல்லவில்லை. மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் இழுக்காதே என்று ஓர் உச்சவரம்பு வைக்கலாம். ஐந்நூறாக இல்லாமல் ஐம்பது ஐம்பதாக ஏறவிடலாம். வங்கிக் கணக்கில் இவ்வளவுக்குக் கீழே போனால் இழுக்காமல் நில் என்று ஒரு கட்டளை சேர்க்கலாம். எல்லாம் மென்பொருளில் சில வரிகள். கதவில் மீதியைக் காட்டுவதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆனால் கணக்குப் பார்க்காமல் இருப்பதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது, அதற்கு ஆழமான வங்கிக் கணக்கு தேவையில்லை. லண்டனில் ஒரு நாளைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தொட்ட பிறகு எத்தனை முறை ஏறி இறங்கினாலும் மேற்கொண்டு பிடிக்க மாட்டார்கள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடக்கலாமா, இன்னொரு பஸ் பிடிக்கலாமா என்ற யோசனை அதோடு முடிந்தது. நம்ம ஊரில் பழைய மாதாந்திர பாஸ் செய்ததும் இதைத்தான். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசு கொடுப்பதில்லை. அங்கேயும் கணக்கு இல்லாமல் இல்லை. அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு கொடுக்கிறது, யார் பணம், எவ்வளவு என்று சட்டசபையில் சண்டை போடுகிறார்கள். போடட்டும். அந்தச் சண்டையைப் போட வேண்டிய இடம் அதுதான்.

சித்தி காலையில் ஏறும் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறார். எத்தனை பேர் ஏறினார்கள் என்று கழகத்துக்குத் தெரிய வேண்டுமே, அதற்கு. சித்தி அதை வாங்கி, பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு, இடம் கிடைத்தால் அண்ணா நகர் வரை தூங்குகிறார்.