யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர்?



கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் பெருந்தெருவிலிருந்து எம்பிலிப்பிட்டிய வீதி பிரியும் இடம் பெல்மதுளை. சந்தியை விட்டு மேலேறினால் தேயிலையும் இறப்பரும், நடுவே லயங்களும். இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குக் கடல் கடந்த பங்கொன்றின் இளைஞர் குழு இரண்டு வாரத் தொண்டுப் பணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பூசை முடிவில் அறிவித்ததும் சிறுவர்கள் துள்ளுவார்கள். பெரியவர்கள் முகத்தில் கவலை படரும். "சாமி, நம்ம காம்பராவுல அவங்கள எங்க உக்கார வைக்கிறது?" என்று ஒரு தாய் கேட்பாள். கோழிக்கும் புதுப் பாய்க்கும் எங்கே கடன் வாங்கலாம் என்று யோசிக்கும் வீடுகளும் இருக்கும்.

அந்தத் தாயின் கேள்விக்கு வேதாகமம் பதில் வைத்திருக்கிறது. மம்ரேயின் மரநிழலில், வெயிலேறிய வேளையில், முன்பின் தெரியாத மூவரை ஓடிச் சென்று வரவேற்றார் ஆபிரகாம். அவர் உட்கார்ந்திருந்தது மாளிகை வாசலில் அல்ல, கூடார வாசலில். அன்று அந்த நாட்டில் அவருக்கு ஓரடி நிலமும் சொந்தமில்லை. பின்னர் மனைவி சாராளை அடக்கம் செய்ய இடம் கேட்டபோதும், தாம் அங்கே அந்நியன் என்றே சொல்லிக் கேட்டார். அந்நியன் ஒருவன் அந்நியரை உபசரித்தான். கடவுளே அவனுக்கு விருந்தாளியானார்.

சகோதரரே, இது நம் மக்களின் கதை அல்லவா? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, 150,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தது. 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான். பிறந்த மண்ணில் "வந்தவர்கள்" என்று அழைக்கப்பட்டவர்கள், இன்று வருகிறவர்களை வரவேற்கிறார்கள். 10க்கு 12 அடிக் காம்பராவானாலும், அங்கே வீட்டுக்காரர் அவர்களே. ஆகையால் அம்மா, வெட்கப்படாதே. இஸ்தோப்பில் பாயை விரி, இருப்பதைக் கொடு. கடன் வாங்கிய கோழியைவிட, ரொட்டியும் கட்டச் சம்பலும் மேன்மையான விருந்து.

வருகிறவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. ஆண்டவர் எழுபத்திருவரை அனுப்பியபோது, முன் வைக்கப்படுவதை உண்ணும்படி சொன்னார். கொடுக்கப் போகிறவன் முதலில் வாங்கக் கற்க வேண்டும். சமாரியப் பெண்ணிடம் வாழ்வின் நீரைப் பற்றிப் பேசுமுன், தமக்குத் தண்ணீர் தரும்படி அவரே கேட்டார். 1687இல் கோவாவிலிருந்து வந்த புனித யோசவ் வாஸ் அடிகளும் அப்படியே யாழ்ப்பாணத்தில் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். நம் மக்களின் சோற்றை உண்டார். நம் மொழிகளைப் பயின்றார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டபோது, அவர் அருகிலிருந்து பணிவிடை செய்தார். முதலில் விருந்தாளி, பிறகே தொண்டர்.

எனவே நம் பங்கு மக்களுக்குச் சில வார்த்தைகள். என்ன வேலை தேவை என்பதைத் தோட்டத்து மக்களே கூடிப் பேசித் தீர்மானிக்கட்டும். நம் மேசனுக்குக் கிடைக்க வேண்டிய நாட்கூலியை விருந்தாளியின் ஆர்வம் பறித்துவிடலாகாது. சுவருக்கு அவர்கள் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசினால், மறுபக்கம் நம் இளைஞர் பூசட்டும். வேடிக்கை பார்த்து நிற்க வேண்டாம். ஒருநாள் விடியற்காலையில் கொழுந்து மலைக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அட்டைக் கடியும் முதுகில் கூடையின் பாரமும் எத்தனையோ பிரசங்கங்களைவிட அதிகம் கற்பிக்கும். வீட்டாரைக் கேட்காமல் படம் பிடிக்க இடம் கொடாதீர்கள். பிள்ளைகளை யாரோடும் தனியே அனுப்பாதீர்கள்; உபசாரம் என்ற பெயரில் அந்த விழிப்பைத் தளர்த்துவது புண்ணியம் அல்ல. புறப்படும்போது கண்ணீரோடு பணம் கேட்டுக் கடிதம் நீட்ட வேண்டாம். நட்பைக் கேளுங்கள், அது நீடிக்கும்.

வெசாக் நாளில் நம் சிங்களச் சகோதரர் வீதியோரம் தன்சல் வைத்து, போகிறவர் யார், எவர் என்று கேளாமல் சோறு கொடுப்பதைப் பார்க்கிறோம். அந்தப் பந்தலில் நாமும் உண்டிருக்கிறோம். கைம்மாறு கேளாத அந்தக் கை நமக்கும் வர வேண்டும்.

இரண்டு வாரம் கழிந்து வான் புறப்படும். பூசிய சுண்ணாம்பு ஓரிரு மழையில் வெளுக்கலாம். ஆனால் தாழ்ந்த கூரைக்குள் தலை குனிந்து நுழைந்து, அந்தத் தாயின் கையால் ஒரு குவளை தேத்தண்ணி வாங்கிக் குடித்த பிள்ளை அதை மறக்க மாட்டான். அவளும் அதன் பின் "நம்ம காம்பராவுல எங்க உக்கார வைக்கிறது" என்று கேட்க மாட்டாள். ஒரு குவளைத் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டென்ற ஆண்டவர், அந்தத் தேத்தண்ணியையும் கணக்கில் வைப்பார்.