காலடியில் இருந்த எழுத்து

எங்கள் ஊர் ரயில், 1879-ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து வந்து சேர்ந்த நாள் முதலாகக் கடலைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு நின்றுவிடுகிற ரயிலாகையால், அதில் ஏறி இறங்கிப் பழகிய புதுச்சேரிவாசிக்குப் பூமிக்கடியில் ரயில் ஓடுவதென்பது, பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் சொல்லக் கேட்ட விஷயமாகவே வெகு காலம் இருந்தது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை எழும்பூரின் அடியிலும் அப்படியொரு நிலையம் திறக்கப்பட்ட பின்னர், வைத்தியரைப் பார்க்கவும் கலியாணங்களுக்காகவும் அடிக்கடி பட்டணம் போக நேர்கிற எனக்கு அந்தப் படிகள் பழக்கமாயின. பழக்கமாயின என்பது கால்களைப் பற்றிய பேச்சு. கண்களுக்கு அவை பழக்கமாக மேலும் சில வருஷங்கள் பிடித்தன, அதுவும் நான் செய்த ஒரு பிழையினால்.

அன்று நடைமேடையில் வண்டிக்காக நின்றவன், கையிலிருந்த துணிப்பையைக் காலருகே தரையில் வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவில் தெரிந்த என் பிம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்கோலும் கையுமாக ஓர் இளைஞர், தரையிலே மேடாக நீண்டு ஓடும் வரிகளின்மேல் கோல் நுனியை உராய்த்தபடி, நம்மைவிடச் சற்று வேகமாகவே நடந்து வந்தார். கோல் என் பையில் முட்டிற்று. அவர் நின்று, பையை ஒரு முறை சுற்றித் தொட்டுப் பார்த்து அது இன்னதென்று தெரிந்துகொண்டு, கோபத்தின் சாயலே இல்லாத குரலில், "பை யாரோடதுங்க? கொஞ்சம் எடுத்துக்குங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். அவர் விட்ட இடத்திலிருந்து வரியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பை இருந்த இடத்தில் மஞ்சள் ஓடுகள் இருந்தன. அவற்றை நான் எத்தனையோ தடவை மிதித்திருக்கிறேன். சாம்பல் நிறத் தரைக்கு யாரோ போட்ட ஜரிகைக் கரை என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி நினைத்ததில்லை. குனிந்து பார்த்தால், சில ஓடுகளில் நீளவாட்டுக் கோடுகள், சிலவற்றில் பொத்தான்களைப் போல வட்டப் புள்ளிகள். கோடு என்றால் நடக்கலாம். புள்ளி என்றால் நிற்க வேண்டும், எதிரே படியோ திருப்பமோ மேடையின் விளிம்போ இருக்கிறது. ஜப்பானியரான செய்ச்சி மியாக்கே என்பவர் 1965-இல் உருவாக்கி, 1967-இல் ஒகயாமா நகரத்துப் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதிப்பித்த இந்த லிபி, உலகத்து ரயில் நிலையங்களிலெல்லாம் பரவிவிட்டது. கண்ணுள்ளவர்களாகிய நாம் எழுத்தென்றே அறியாமல் மிதித்துப் போவதை, கண்ணில்லாதவர்கள் தினந்தோறும் வாசித்துக்கொண்டு போகிறார்கள்.

ஒன்று தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகத் தெரியத் தொடங்கும். பாதாளத்துக்கு இறங்க வேண்டியவன் தெருவிலிருந்து நேரே இறங்குவதில்லை. முதலில் சில படிகள் மேலே ஏறி, ஒரு சிறு திண்ணைபோன்ற இடத்தைக் கடந்து, அதன் பிறகே கீழே போகிறான். ஐப்பசி மழையில் சென்னையின் தெருக்கள் என்ன ஆகுமென்பதை நினைத்துப் பார்த்தால், வெள்ளத்துக்கு எதிராகப் போட்ட வரப்பு அது என்பது விளங்கும். லண்டனில் 1900-ஆம் ஆண்டிலேயே திறந்த மத்தியப் பாதையில் இதனினும் சூட்சுமமான ஏற்பாடொன்று உண்டு: நிலையங்களை ஒரு சிறு மேட்டின்மேல் அமைத்து, வரும் வண்டி அறுபதடிக்கு ஓரடி ஏற்றத்தில் தானே வேகம் தணியவும், புறப்படும் வண்டி முப்பதடிக்கு ஓரடி இறக்கத்தில் தானே வேகம் கொள்ளவும் செய்திருக்கிறார்கள். அந்த மேட்டை எந்தப் பிரயாணி உணர்ந்தான்?

இங்கேதான் என் கேள்வி பிறக்கிறது. ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒரு வேலையை இவ்வளவு சிரத்தையாகச் செய்வது யாருக்காக? தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்குள்ளே, கர்ப்பகிருஹத்துக்கு மேல் தளத்தில், சாதாரண பக்தன் எட்டிப் பார்க்கவே வழியில்லாத சுற்றறையில் நாட்டிய கரணங்களைச் செதுக்கத் தொடங்கிய சிற்பிகள், நூற்றெட்டில் 81-ஐ முடித்திருக்கிறார்கள். மிச்சத்துக்கான கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. எங்கள் ஊரிலேயே, அரவிந்தாசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி இருக்கிறது. ஹைதராபாத் சமஸ்தானத்துப் பணத்தில் எழுந்தமையால் அப்பெயர் பெற்ற அந்தக் கட்டடத்தை, அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக்கலைஞரின் திட்டப்படி, 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி உலக யுத்தத்தின் நடுவேயும் தொடர்ந்து கட்டி முடித்தார்கள். சன்னல்களுக்குப் பதிலாக, வேண்டியபடி திருப்பிக்கொள்ளத்தக்க சிமெண்டுப் பலகைகள் சுவர் முழுவதும் அடுக்கப்பட்டிருக்கின்றன. வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் அந்தப் பலகைகளைத் தெருவிலிருந்து பார்ப்பவர்கள் வியக்கலாம். ஆனால் கதவின் கீலும் கொக்கியும் திருகாணியும் யார் கண்ணில் படப்போகின்றன? அவற்றையும் ஆசிரமத்துப் பட்டறையிலேயே பித்தளையில் செய்தார்கள்.

இதற்குப் பெரியோர் சொல்லும் வழக்கமான சமாதானம், மனிதர் பாராவிட்டாலும் கடவுள் பார்க்கிறார் என்பது. எனக்கு அந்தச் சமாதானம் ருசிப்பதில்லை. அது ஈசுவரனைச் சாரத்தின்மேல் ஏறி நின்று வேலையைச் சோதிக்கும் மேஸ்திரியாக்கி, சிற்பியையும் மேஸ்திரிக்குப் பயந்த கூலியாளாக்கிவிடுகிறது. பலனை எதிர்பாராத கர்மம் என்று கீதையின் வழியில் சொன்னால் சற்று நெருங்கி வருகிறோம். ஆயினும் மஞ்சள் ஓட்டைப் பதித்தவன் பலனை எதிர்பார்க்கவே செய்தான், அந்த இளைஞர் விளிம்பில் விழாதிருக்க வேண்டுமென்ற பலனை. அவன் எதிர்பாராதது நன்றியை மட்டுமே.

பிருகதாரண்யக உபநிஷத்திலே உத்தாலகர் கேட்க யாக்ஞவல்கியர் விளக்குகிற அந்தர்யாமியைப் பற்றிப் பல உபந்நியாசங்களில் கேட்டிருக்கிறேன்: ஒவ்வொரு பொருளுக்குள்ளும் அந்தப் பொருளுக்கே தெரியாமல் உறைந்து அதை நடத்திவைப்பவன். ஏன் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் நெருடல். மறைந்திருப்பது ஒருவித மகிமை, அரசர்கள் திரைக்குப் பின்னே இருப்பதுபோல, என்று சமாதானம் செய்துகொண்டிருந்தேன். எழும்பூர்ப் படிகளில் அது வேறு விதமாகப் பட்டது. ஒவ்வொரு படியும், நான்தான் உன்னை வெள்ளத்திலிருந்து காத்தேன் என்று அறிவித்துக்கொண்டிருந்தால் ஒருவனும் ஒழுங்காக நடந்து வண்டியைப் பிடிக்க மாட்டான். நடப்பவனுடைய நடை நடப்பவனுடையதாகவே இருக்கும்பொருட்டு நடத்துகிறவன் விலகி நிற்கிறான். இது மகிமையைவிட மரியாதைக்கு அருகில் இருக்கிற குணம்.

அப்படியானால் மறைந்திருப்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது பக்தியா, வெறும் குறுகுறுப்பா? லண்டன் பாதாள ரயிலின் நூற்றைம்பதாம் ஆண்டான 2013-இல், மார்க் வாலிஞ்சர் என்ற கலைஞர் 270 நிலையங்களுக்கும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட சுழல்வழிச் சித்திரமொன்றை வரைந்து கொடுத்தார். அத்தனையையும் தேடிப் பார்த்துவிடுவதென்று கிளம்பினால் நல்ல பொழுதுபோக்காக இருக்கும், நானும் அங்கே இருந்தால் கிளம்பியிருப்பேன். ஆனால் அந்த இளைஞர் மஞ்சள் வரியைக் 'கவனித்தார்' என்று சொல்ல மாட்டோம். அவர் அதை நம்பினார். கவனித்தவன் நான், அதுவும், பையைக் கொண்டு அதை மறைத்த பிறகு.

எங்கள் ஊர்ப் பாரதி பூங்காவின் நடுவிலே வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வருகிறது. முத்திரையர்பாளையத்து நீரை நகரத்துக்குக் கொண்டுவந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டது அது. அதற்குப் பின்னால் இருக்கும் கதை இன்னும் பழையது: விஜயநகரத்து ராயர் ஒருவர் இரவில் அவ்வழியே வந்தபோது, தீபங்கள் ஒளிர நின்ற ஒரு மாளிகையைக் கோயிலென்று எண்ணிக் கைகூப்பினாராம், அது ஆயி என்னும் தாசியின் வீடென்று தெரிந்ததும் சினந்து இடித்துவிடக் கட்டளையிட்டாராம், அவள் தானே இடிப்பதாக வேண்டிக்கொண்டு, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். சிறு வயதில் எனக்கு ஆயியின் பெருந்தன்மை மட்டுமே தெரிந்தது. இப்போது ராயரோடு எனக்கொரு வழக்கு இருக்கிறது. யாரோ ஒருத்தி ஒவ்வொன்றாகத் திரி தூண்டி எண்ணெய் வார்த்து ஏற்றிய விளக்குகளைக் கண்டு அவர் கை குவிந்தது. குவிந்த வரையில் அந்தக் கை சரியாகவே இருந்தது. வீட்டுக்காரியின் பெயரை விசாரித்த பிறகுதான் அவர் தப்பாகப் போனார்.

நான் யார் பெயரையும் விசாரிக்கவில்லை. அடுத்த முறை எழும்பூரில் இறங்கியபோது பையைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர், சக்கரம் வைத்த தம் பெட்டியைப் புள்ளிகளின்மேல் நிறுத்திவிட்டு, "கீழ வைங்கய்யா, எவ்வளவு நேரம் சுமப்பீங்க?" என்று பரிவோடு கேட்டார். பெட்டியைச் சற்று இப்பால் நகர்த்தும்படி நான் கேட்டுக்கொண்டதற்கு, ஏனென்று விளங்காவிட்டாலும், நகர்த்திக்கொண்டார். வண்டி வருவதற்கு இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது.