ஈட்டியும் கேடயமும்

சரக்கைப் புகழாமல் சரக்கு விற்குமா? வியாபாரம் என்ற தொழில் தோன்றிய நாள் தொட்டு இந்தக் கேள்வி இருந்து வருகிறது. புகழ்வது தொழில், பொய் சொல்வது குற்றம் என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்வோம். ஆனால் புகழ்ச்சி எந்த இடத்தில் பொய்யாக மாறுகிறது என்று கேட்டால், உடனே பதில் சொல்ல முடிவதில்லை. இதற்குச் சீனர்களின் பழைய வழக்குமொழி ஒன்று நல்ல விளக்கம் தருகிறது.

இந்நாட்டில் நம்மில் பலருக்கு அடுத்த கடைக்காரர் சீனர்தாம். சீன மொழியில் 'மாவ்துன்' என்று ஒரு சொல் உண்டு. 'மாவ்' என்றால் ஈட்டி. 'துன்' என்றால் கேடயம். இரண்டும் சேர்ந்தால் முரண்பாடு என்று பொருள். ஒருவன் தன் பேச்சைத் தானே வெட்டிப் பேசினால், 'ஸு சியாங் மாவ்துன்' என்பார்கள். அவனுடைய ஈட்டியும் அவனுடைய கேடயமும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது கருத்து.

இந்தச் சொல் பிறந்த கதை ஒரு வியாபாரியின் கதை. அதை எழுதியவர் ஹான் ஃபெய் என்ற அறிஞர். ஹான் நாட்டு அரச குடும்பத்தில் பிறந்த இவர் கி.மு. 233ல் சின் நாட்டுச் சிறையில் மாண்டார். இவருக்குத் திக்குவாய், பேச்சு வராது, எழுத்தோ மிக நன்றாக வரும் என்று சீன வரலாற்றாசிரியர் சுமா சியென் குறித்திருக்கிறார். வாய் திக்கிய மனிதர்தாம் வாய் வீச்சுக்காரன் ஒருவனை உலகம் மறக்காதபடி செய்துவிட்டார்!

கதை சிறியது. சூ நாட்டில் ஒருவன் ஈட்டியும் கேடயமும் விற்றான். கேடயத்தைத் தூக்கிக் காட்டி, இதை எதுவும் துளைக்காது என்றான். பிறகு ஈட்டியைத் தூக்கிக் காட்டி, இது எதையும் துளைக்கும் என்றான். அங்கிருந்த ஒருவர், உன் ஈட்டியால் உன் கேடயத்தைக் குத்தினால் என்ன ஆகும் என்று கேட்டார். வியாபாரியால் பதில் சொல்ல முடியவில்லை. கதை அதோடு முடிகிறது.

ஹான் ஃபெய் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சீனர்கள் யாவ், ஷுன் என்னும் இரு பண்டை மன்னர்களையும் குறையற்றவர்கள் என்று போற்றி வந்தார்கள். யாவ் அரசாண்ட காலத்தில் உழவர்கள் வரப்புக்குச் சண்டையிட்டார்களாம். மீனவர்கள் மீன்பிடிக்கும் இடத்துக்குச் சண்டையிட்டார்களாம். குயவர்களின் பானைகள் உறுதியில்லாமல் இருந்தனவாம். ஷுன் அவர்களிடையே போய்த் தாமும் அவ்வேலைகளைச் செய்து, ஒவ்வோர் இடத்திலும் ஓராண்டில் சீர்திருத்தினாராம். யாவ் குறையற்ற மன்னர் என்றால் அவர் ஆட்சியில் அந்தக் குறைகள் ஏன் வந்தன? குறைகளே இல்லையென்றால் ஷுன் சீர்திருத்தியது எதை? இருவரையும் ஒரே மூச்சில் அந்த அளவுக்குப் புகழ முடியாது என்று காட்டவே அவர் ஈட்டிக் கதையைச் சொன்னார்.

இப்பொழுது நம் விஷயத்துக்கு வருவோம். சூ நாட்டு வியாபாரியின் ஈட்டி மழுங்கியது என்று யாரும் சொல்லவில்லை. கேடயம் ஓட்டை என்றும் சொல்லவில்லை. இரண்டும் நல்ல சரக்காகவே இருந்திருக்கலாம். அவனைக் கெடுத்தவை 'எதையும்', 'எதுவும்' என்ற இரண்டு சொற்களே. இந்த ஈட்டி தோலைத் துளைக்கும், இந்தக் கேடயம் அம்பைத் தாங்கும் என்று அளவோடு சொல்லியிருந்தால், இரண்டையும் விற்றுக் காசை எண்ணிக்கொண்டு வீடு போயிருப்பான்.

நம் கடைகளிலும் இது நடக்கிறது. இந்தக் கைலிக்குச் சாயமே போகாது என்று சொல்லி விற்கிறோம். அடுத்த மாதம் புதுச் சரக்கு வந்ததும், பழையது போல இல்லை, இதற்குத்தான் சாயம் போகாது என்கிறோம். மொத்த வியாபாரியிடம் வாங்கும்போது அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, மட்டம் என்று உதட்டைப் பிதுக்குகிறோம். அதே மூட்டை நம் கடைக்கு வந்ததும் முதல் தரமாகிவிடுகிறது. வாங்கும்போது சொன்னது ஈட்டி. விற்கும்போது சொன்னது கேடயம். மொத்த வியாபாரியும் வாடிக்கைக்காரரும் ஒரே நேரத்தில் நம் முன் நின்றால், நாம் என்ன பேசுவோம்?

கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பேசாமல் பிழைக்க முடியாது, கேட்பவனுக்கும் அது தெரியும் என்று சிலர் வாதிடலாம். கேட்பவனுக்குத் தெரியும் என்றால், அந்தப் பேச்சால் பயன் என்ன? தெரியாது என்றால், அது ஏமாற்று அல்லாமல் வேறென்ன? இந்த வாதமும் ஓர் ஈட்டி, ஒரு கேடயம்தான்.

சூ நாட்டானுக்கு ஒரு நன்மை கிடைத்தது. அவனிடம் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். நம் வாடிக்கைக்காரர் கேட்பதில்லை. மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவர் ஏன் வரவில்லை என்பது நம் பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது.

ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டிய அளவுகோல் இது: ஒருவரிடம் சொல்லும் சொல்லை மற்றவர் காது கேட்கச் சொல்ல முடியுமானால் அது புகழ்ச்சி, முடியாவிட்டால் அது பொய். தமிழில் காசுக்கும் நாணயம் என்றே பெயர். நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். கல்லாவில் இருக்கும் நாணயம் கைமாறிப் போனாலும் நாளை திரும்பி வரும். நாவில் இருக்கும் நாணயம் போனால் எந்தச் சந்தையில் போய் வாங்குவது?