பட்டா இருந்தால் போதுமா?

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் வரும் எல்லைக்குள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுமதி தரப்பட்டதாக 2025 அக்டோபரில் புகார் எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. எல்லை எது என்பதை நீதிமன்றம் தீர்க்கட்டும். அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு: பட்டா இருப்பதாலேயே நீர் நிற்கும் நிலத்தை நிரப்பி மாடி கட்டுவது அறமாகுமா? ஆகாது. ஒரு நிலத்தின் பயன்பாடு உரிமையாளரோடு முடிவதில்லை. இன்னும் பிறக்காதவர்கள் தாங்கப்போகும் வெயிலையும் வெள்ளத்தையும் அதுவே தீர்மானிக்கிறது.

அந்த வெயிலைக் கூட்டும் உலகப் பசுங்குடில் வாயு உமிழ்வில் 2020-இல் 67 முதல் 72 விழுக்காடு நகரங்களைச் சார்ந்தது என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு மதிப்பிட்டிருக்கிறது. சதுப்பில் நீர் நிற்கும்வரை மட்கிய தாவரங்களின் கரிமம் மண்ணுக்குள் அடங்கியிருக்கும். நீரை வடித்தால் கரியமில வாயுவாக வெளியேறும். அதன்மேல் சிமென்டும் கம்பியும் ஏறுகின்றன. நகரம் விலகிப் பரவப் பரவ, வேலைக்கும் பள்ளிக்கும் வண்டியின்றி வழியில்லை. நெருக்கமாக அமைந்த பார்சிலோனாவைவிடப் பரந்து கிடக்கும் அட்லாண்டாவில் தலைக்குப் போக்குவரத்து உமிழ்வு பல மடங்கு அதிகம். சென்னைக்குள் வேலைக்கு அருகே வாழ்ந்த ஏழைகளைத் தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது இரட்டைப் பிழை: அவர்கள் பிழைப்பும் குலைந்தது, பயணமும் நீண்டது. நீரைக் காக்கும் அறம் நமக்குப் புதிதல்ல. நீரைத் தேக்குவதே நிலைத்த புகழுக்கு வழி என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் புறநானூற்றில் குடபுலவியனார் அறிவுரை சொன்னார். நாட்டின் உறுப்புகளை அடுக்கும் வள்ளுவர் நீரையே முதலில் வைத்தார். பகிர்ந்துண்டு பல்லுயிர் காப்பதை அறங்களின் தலை என்றார்.

வீடும் அறமல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், உணவு, உடையோடு உறைவிடத்தையும் மணிமேகலை அறமாகவே சொல்கிறது. ஆனால் அது எல்லா உயிர்களுக்குமான உறைவிடம். வாங்க வசதியுள்ளவருக்கு மட்டும் உரியதல்ல. ரயில், மெட்ரோ நிலையங்களைச் சுற்றி உயர்த்திக் கட்டினால் வீடும் கிடைக்கும், சதுப்பும் பிழைக்கும்.

சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022-இல் அரசு ஆணையிட்டது. மூன்றாவது முழுமைத் திட்டத்தை வகுப்போர் நீர்நிலைகளை முதலில் குறித்து, அவற்றை விலக்கிய பிறகே மனைகளைக் குறிக்க வேண்டும். அதை வலியுறுத்திக் கேட்பது குடிமக்களின் கடமை.