கூட்டு நோன்பும் தனிமனித மனச்சான்றும்

கத்தோலிக்கத் திருச்சபையின் தவக்காலம் விபூதிப் புதனன்று தொடங்குகின்றது. அன்றைய திருப்பலியிலே படிக்கப்பெறும் வாசகங்களுள் இரண்டு ஒன்றையொன்று மறுப்பன போல அமைந்துள்ளன. யோவேல் இறைவாக்கினரின் நூற்பகுதி, எக்காளம் ஊதி நோன்பை அறிவிக்குமாறும், முதியோர் முதற் பால்குடி மறவாக் குழந்தைகள் ஈறாக அனைவரையும் ஒன்றுதிரட்டுமாறும், மணமக்களும்கூடத் தம் அறையை விட்டு வெளியே வருமாறும் பணிக்கின்றது. பின்னர்ப் படிக்கப்பெறும் மத்தேயு நற்செய்திப் பகுதியோ, நோன்பிருப்பவன் முகங்கழுவித் தலைக்கு எண்ணெயிட்டுத் தன் நோன்பைப் பிறர் அறியாவண்ணம் மறைத்துக்கொள்ள வேண்டும் என்கின்றது. இவ்விரண்டையும் கேட்ட மக்கள், சற்று நேரத்தில் வரிசையாகச் சென்று, எல்லாரும் காணத்தக்க வகையில் நெற்றியிற் சாம்பல் பூசப்பெற்று வீடு திரும்புகின்றனர்.

சிறுவயது முதல் ஆண்டுதோறும் இதனைக் கண்டுவந்த எனக்கு, இதிலுள்ள முரண் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே புலப்பட்டது. குற்றத்திற்காக மனம் வருந்துதல் ஒருவனது உள்ளத்தின் அந்தரங்கத்தில் நிகழ்வது. அவ்வாறாயின், ஓர் ஊர் கூடி மனம் வருந்துதல் இயலுமா? இயலுமெனின், அது தனித்தனி உள்ளங்களின் கூட்டுத்தொகையா, அன்றி அதற்கு மேற்பட்ட ஒன்றா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நோன்பு பல சமயத்தாருக்கும் பொதுவான ஒழுக்கமாதலின், இவ்வினாவும் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று.

தவக்காலத்தின் நடைமுறையை முதலில் நோக்குவோம். விபூதிப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்திய சனி வரை எண்ணின் 46 நாட்கள் வரும். இடையில் வரும் 6 ஞாயிறுகளும் நோன்பு நாட்களல்லவாதலால், அவை நீங்க 40 நாட்கள் எஞ்சும். வடபகுதிக் கோவிற்பற்றுகளில் முதியோர் இதனைத் ‘தபசுகாலம்’ என்றே வழங்குவர். ஒருவேளை மட்டும் நிறைவாக உண்பதை ‘ஒருசந்தி’ என்றும், இறைச்சி தவிர்த்து உண்பதைச் ‘சுத்தபோசனம்’ என்றும் அவர்கள் கூறுவர். 1966 ஆம் ஆண்டிற் பாப்பரசர் ஆறாம் பவுல் விதித்த ஒழுங்கின்படி, ஒருசந்தி விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களிலேயே கட்டாயமாயிற்று. ஆயினும் ஊர்வழக்கு இச்சட்டத்திலும் பார்க்க நீண்டது. அந்நாட்களில் ஊரிலே திருமணங்கள் நிகழா. வெள்ளிதோறும் பதினான்கு நிலைகளைக் கொண்ட சிலுவைப்பாதை நடைபெறும். 18 ஆம் நூற்றாண்டிலே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தை முதியவரொருவர் நீட்டி இசைத்து வாசிக்க, ஏனையோர் நிலத்தில் அமர்ந்து கேட்பர். வழிபாடு முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே பானையிலிருந்து கஞ்சி வார்க்கப்படும். தவக்காலத் தவம் அகத்தைச் சார்ந்ததாகவும் தனிமனிதனுக்குரியதாகவும் மட்டும் நின்றுவிடாது, புறத்திலும் வெளிப்பட்டுச் சமூகத்தையும் தழுவ வேண்டுமென 1963 ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வலியுறுத்தியபோது, அது எங்கள் கிழவிகள் நெடுங்காலமாகச் செய்துவந்ததையே எழுத்தில் வடித்தது எனலாம்.

இனி, இதற்கெதிரான தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

கூட்டு நோன்பு வெளிவேடத்துக்கு இடமளிக்கின்றது என்பது முதலாவது தடை. பிறர் காண நோற்பவன் பிறருக்காகவே நோற்கின்றான் எனப்படுகின்றது. இதன் உண்மையை அறியும் வாய்ப்பு எனக்கு 2025 ஆம் ஆண்டிலே கிட்டியது. பல்கலைக்கழக விடுதியில் யான் கழித்த முதலாவது தவக்காலம் அதுவாகும். ஊரும் இல்லை, கஞ்சியும் இல்லை. நற்செய்தி கூறியவாறே எவரும் அறியாது நோற்கலாம் என எண்ணி மகிழ்ந்தேன். இரண்டாவது வாரத்திலேயே என்னுள் ஒரு மாற்றத்தைக் கண்டேன். உணவுச்சாலையிற் பிறரது கோப்பைகளை நோக்கத் தொடங்கியிருந்தேன். எவன் எத்தனை துண்டு இறைச்சி எடுக்கின்றான் என்பது என் கண்ணுக்குத் தப்பவில்லை. என்னைப் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் யானே எனக்குப் பார்வையாளனாகி, என் நோன்பை வியந்துகொண்டிருந்தேன். அவ்வாண்டில் இரமழானும் தவக்காலமும் மார்ச் முதல் வாரத்திலேயே தொடங்கியிருந்தன. என் அறையில் உடனுறைந்த இஸ்லாமிய நண்பன், அந்தியானதும் தன் தோழரோடு நோன்பு திறக்கச் சென்று, கஞ்சி குடித்து மலர்ந்த முகத்தோடு திரும்புவான். யானோ என் பசிக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன்.

அப்பொழுதே ஊரின் நோன்பு எத்தகையது என்பது எனக்கு விளங்கிற்று. அங்கே அம்மாவும் அயலவரும் ஆசிரியரும் கடலோடிகளும் ஒரே கஞ்சியைக் குடித்தனர். எல்லாரும் செய்வதனால் எவருக்கும் அதிற் பெருமையில்லை. வெளிவேடத்துக்கு வேண்டுவது பார்ப்போர் ஒரு சாராரும் பார்க்கப்படுவோர் மறுசாராருமான பிரிவினையே. ஊர் முழுவதும் நோற்கும்போது அப்பிரிவினை அற்றுப்போகின்றது. எனவே, மறைவாக நோற்குமாறு கூறிய நற்செய்தி கடிவது பிறரினின்றும் தன்னை உயர்த்திக் காட்டும் நோக்கினையே அன்றி, பிறரோடு கூடுதலை அன்று எனக் கொள்வது பொருந்தும். நெற்றிதோறும் சாம்பலிருக்கும் இடத்தில் ஒருவனது சாம்பல் எவ்வாறு தனித்துத் தோன்றும்?

இரண்டாவது தடை இதனினும் வலிது. குற்றம் செய்தவன் தனிமனிதன்; ஆதலின் வருந்த வேண்டியவனும் அவனே. எல்லாரும் குற்றவாளிகள் எனின், உண்மைக் குற்றவாளி அக்கூட்டத்திலே ஒளிந்துகொள்வான் அல்லனோ? சாம்பலின் வரலாறே இவ்வையத்துக்கு இடமளிக்கின்றது. பண்டைத் திருச்சபையிற் கொடும்பாவம் புரிந்தோர் தவம் புரிவோர் வகுப்பிற் சேர்க்கப்பட்டு, நற்கருணையினின்றும் விலக்கப்பட்டனர். உரோமை நகரில் அவர்கள் பெரிய வியாழனன்று மீண்டும் சபையோடு ஒப்புரவாக்கப்பட்டனர். அத்தகையோருக்குரிய அடையாளமாக விளங்கிய சாம்பலை விசுவாசிகள் அனைவரும் ஏற்குமாறு, 1091 ஆம் ஆண்டில் இரண்டாம் உர்பான் பாப்பரசர் தலைமையிற் கூடிய பெனவெந்தோச் சங்கம் பணித்தது. சிலரது குற்றத்தின் அடையாளம் இவ்வண்ணம் எல்லாருக்கும் பொதுவாயிற்று.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர் ஜேர்மானிய மக்களின் குற்றத்தைப் பற்றி ஆராய்ந்த மெய்யியலாளர் இச்சிக்கலையே எதிர்கொண்டனர். கார்ல் யஸ்பேர்ஸ் 1946 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் குற்றத்தைச் சட்டம், அரசியல், ஒழுக்கம், மீயியல் என நால்வகைப்படுத்தினார். சட்டக் குற்றம் தனியாளுக்கே உரியது எனவும், அரசியற் பொறுப்பு அவ்வரசின் குடிகள் அனைவரையும் சாரும் எனவும் அவர் கொண்டார். ஹன்னா அரென்ட் குற்றம் வேறு, பொறுப்பு வேறு எனப் பிரித்து, குற்றம் செய்தவனையே சாரும். பொறுப்பு, ஒரு சமூகத்தின் உறுப்பினன் என்னும் காரணத்தால், அச்செயலைச் செய்யாதவனையும் சாரும் எனக் காட்டினார். இவ்வேறுபாட்டை மறப்பதனால் விளையும் கேட்டை நம் நாடு கண்டுள்ளது. 2019 ஏப்ரல் 21 ஆந் திகதி, தவக்காலம் முடிந்து உயிர்ப்பு விழாவுக்கு மக்கள் கூடியிருந்த வேளையிற் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள ஆலயங்களும் கொழும்பு விடுதிகளும் தாக்கப்பட்டு, 260 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த மாதத்திலேயே, அக்கொடுமையோடு யாதொரு தொடர்புமற்ற முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் வடமேற்கிலும் மினுவாங்கொடையிலும் தாக்கப்பட்டன. ஒரு சிலரின் குற்றத்தை ஒரு சமூகத்தின் மேல் ஏற்றுவது எத்துணை அநீதியானது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அங்ஙனமாயிற் சமூகப் பாவம் என்னும் கருத்தையே கைவிடல் வேண்டுமோ? வேண்டா என்பது என் துணிபு. அக்கருத்து தன்மை இடத்தில் மட்டுமே கூறத்தக்கது. ‘நாங்கள் பொறுப்பாளிகள்’ என ஒரு சமூகத்தார் தாமே கூறலாம். ‘நீங்கள் குற்றவாளிகள்’ என மற்றொரு சமூகத்தை நோக்கிக் கூறும் உரிமை எவருக்கும் இல்லை. திருப்பலியின் தொடக்கத்திற் சொல்லப்படும் பாவ அறிக்கையின் அமைப்பு ஈண்டு மனங்கொளத்தக்கது. எல்லாரும் ஒருங்கே, ஒரே குரலிற் சொல்லும் அம்மன்றாட்டு ‘நாங்கள்’ எனத் தொடங்குவதில்லை. ஒவ்வொருவரும் ‘நான்’ என்றே சொல்கின்றனர். அதுவும் கடவுளை நோக்கி மட்டுமன்றி, அருகில் நிற்கும் சகோதர சகோதரிகளை நோக்கியும் சொல்லப்படுகின்றது. செய்த தீமையோடு செய்யத் தவறிய நன்மையும் அதில் அறிக்கையிடப்படுகின்றது. கூட்டத்தில் ஒளிந்துகொள்ள விழைபவனுக்கு அச்சொல்லமைப்பில் இடமில்லை. தனித்து நின்று வருந்துபவனுக்கு வாய்க்காத ஒன்றும் அதிலுண்டு. யாருக்குத் தீங்கிழைத்தானோ அவர்களின் செவி கேட்க அவன் பேச வேண்டியுள்ளது.

செய்யத் தவறியவை பற்றிய அறிக்கையே சமூகப் பாவத்தின் இருப்பிடத்தைக் காட்டுகின்றது. இதனை எங்கள் ஊரில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்றால் விளக்க விரும்புகின்றேன். பெரிய வெள்ளிக்கு முந்திய வெள்ளியன்று சிலுவைப்பாதை ஊரின் ஒழுங்கைகளிலே நடைபெறுவது வழக்கம். பெரிய மரக்குருசைச் சுமந்து செல்வர். பதினான்கு வீட்டுப் படலைகளிலே பதினான்கு நிலைகள் அமைக்கப்படும். ஊரின் தென்கோடியிலுள்ள ஓர் ஒழுங்கைக்கு மட்டும் அது செல்வதில்லை. அங்கு வாழ்வோர் பிறப்பால் வேறாக எண்ணப்பட்டவர்கள். ஆனால் அக்காரணத்தை எவரும் சொல்வதில்லை. ஒழுங்கை ஒடுக்கமானது, குருசு திரும்பாது என்பதே சொல்லப்பட்டு வந்தது. இவ்வழக்கத்தை ஏற்படுத்தியவர் யார் என்பதும் எவருக்கும் தெரியாது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு இதனைத் தன் பாவமெனச் சொன்னவர் ஒருவரேனும் இருந்திரார். நானும் சொன்னதில்லை. அது எவருடைய பாவமும் அன்றாகவே, எல்லாருடையதுமாய்க் கிடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், தவக்கால ஒழுங்குகளைப் பேசுவதற்குக் கோவிற்சபை கூடியபோது, படலைகளின் பட்டியல் வாசிக்கப்பட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்து, “குருசு திரும்பாதெண்டு ஆர் கொண்டுபோய்ப் பாத்தது?” என்று கேட்டார். விடையிறுப்பார் ஒருவருமில்லை. பங்குச் சுவாமியாரும் பேசாதிருந்தார். அவ்வாண்டு பன்னிரண்டாம் நிலை அவ்வொழுங்கையின் முடிவிலே அமைக்கப்பட்டது. குருசைத் தூக்கியவர்கள் வேலியிற் படாதவாறு சற்றுச் சரித்துப் பிடித்தனர், அது திரும்பிற்று. அந்நிலைக்குரிய வழக்கப்படி எல்லாரும் அம்மணலில் முழந்தாளிட்டோம்.

இதனால் ஊர் திருந்திவிட்டது எனக் கூறின் அது பொய்யாகும். திருமணப் பேச்சுகள் இன்றும் பழைய எல்லைகளைத் தாண்டுவதில்லை. ஆயினும், ‘ஒழுங்கை ஒடுக்கம்’ என்னும் சாட்டினை இனி எங்கள் ஊரில் எவரும் கூற முடியாது. ஊர் கூடிப் பேணிய பொய்யை ஊர் கூடியே கைவிட நேர்ந்தது. யானொருவன் விடுதி அறையில் எத்தனை நாள் பட்டினி கிடந்தாலும் அக்குருசு அவ்வொழுங்கையிற் சென்றிராது. தனிமனித மனச்சான்று எட்டாத இடத்திலேதான் கூட்டு நோன்பின் வேலை தொடங்குகின்றது. அங்கும் முதலில் எழுந்தது ஒரு தனிமனிதக் குரலே என்பதை மறத்தலாகாது. கூட்டம் அவருக்குக் கேள்வியைக் கற்பிக்கவில்லை. கேட்பதற்கு ஓர் இடத்தையும் காலத்தையும் வழங்கிற்று.

நோன்பு இவ்விளைவினைத் தானாகவே தருமென்பதும் இல்லை. விபூதிப் புதனை அடுத்த வெள்ளியன்று வாசிக்கப்படும் எசாயா நூற்பகுதி, நோன்பு நாளிலே தம் வேலையாட்களை ஒடுக்குவோரைக் கடிந்து, அநீதியின் தளைகளை அவிழ்ப்பதும் பசித்தோரோடு உணவைப் பகிர்வதுமே இறைவன் விரும்பும் நோன்பு என்கின்றது. யோனா நூலில், நினிவே நகர மன்னன் அரியணை விட்டிறங்கி, மாந்தரும் விலங்குகளும் உண்ணாதிருக்க ஆணையிட்டான். ஆயினும் இறைவன் கண்டு இரங்கியதாக அந்நூல் குறிப்பது, அவர்கள் உடுத்த சாக்குத் துணியையன்று; தீயவழியை விட்டுத் திரும்பிய அவர்களின் செயலையே. தனக்குற்ற நோவைப் பொறுத்தல், பிறவுயிரை வருத்தாதிருத்தல் என இரண்டினையும் சேர்த்தே வள்ளுவரும் தவத்துக்கு வடிவம் வகுத்தார். முன்னதை ஒருவன் தனியே பயிலலாம். பின்னதைப் பயில்வதற்குப் பிறர் வேண்டும்.

எனவே, தொடக்கத்திற் கண்ட முரண் உண்மையில் முரணன்று என்றே கருதுகின்றேன். வருந்தும் உள்ளம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியானது. அதனை வேறொருவர் எனக்காகச் சுமக்க இயலாது. ஆனால் வருந்த வேண்டியவற்றுட் சில, பலரும் கூடிப் பேணியவை. அவற்றைத் தனியே கண்டுகொள்வதும் அரிது; தனியே களைவதும் அரிது. விபூதிப் புதனன்று பூசப்படும் சாம்பல், முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்துப் பெறப்படுவது. ஊர் கூடி ஆர்ப்பரித்துச் சென்ற நாளின் ஓலைகள் அவை. அச்சாம்பலை எவரும் தாமே எடுத்துப் பூசிக்கொள்ளாமல், பிறரது கைக்கு நெற்றியைக் கொடுத்து நிற்கின்றோம். முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் அவ்வாறே நிற்கின்றனர். அடுத்த தவக்காலத்தில் அவ்வரிசையில் யான் நிற்கும்போது, எனக்கு முன்னால் நிற்பவர் தென்கோடி ஒழுங்கையைச் சேர்ந்தவராயின், அவருக்கு யான் செய்யத் தவறியது யாது என்னும் வினா என்னிடம் இருத்தல் வேண்டும்.