சர்வீஸ் காசு யாருடையது?

மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்தப் பிரதேச செயலகத்தில் ஓய்வுபெறும் எழுதுவினைஞருக்கு அடுத்த மாதமும் வங்கிக்குப் பணம் வரும். அதற்கடுத்த மாதமும் வரும். அவர் கண்மூடினால் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்தின் வழியே மனைவிக்கு வரும். வேலையில் இருந்த காலத்தில் அவருக்கு அக்ரஹார மருத்துவக் காப்புறுதியும் இருந்தது. அதே மாவட்டத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொழுந்து பறித்த பெண்ணுக்குக் கிடைப்பதோ, சர்வீஸ் காசு என்று ஒரே தடவை கைக்கு வரும் ஒரு தொகை.

அந்தத் தொகை வருமுன்பே அதற்குப் பங்கு பிரிந்துவிடுகிறது. மகனின் ஆட்டோவுக்கு முற்பணம், மகளின் கல்யாணக் கடன், ஒழுகும் லயத்துக் கூரை. தயங்கும் தாயிடம், "போகும்போது கட்டிக்கிட்டா போகப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். முதுமைக்கென்று சேர்ந்த பணத்தைப் பிள்ளைக்குத் தர மறுப்பது தன்னலமா?

கணக்கைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதே நியாயம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி தோட்டத் தொழிலாளிக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்றால் முப்பது வருடத்துக்கு 5,67,000 ரூபாய். கேட்கப் பெரிய தொகைதான். அதன்பின் இருபது வருடம் உயிரோடு இருந்தால், வட்டியை விட்டுவிட்டுப் பார்க்கையில், மாதத்துக்கு 2,400 ரூபாய்கூட வராது. ஊழியர் சேமலாப நிதி இதற்கு மேலே வருவது; அதில் தொழிலாளியின் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறலாம். இரண்டையும் சேர்த்தாலும் அது சொத்து அல்ல, இனி வரப்போகும் மாதங்களின் சோறும் மருந்தும்.

ஆஸ்பத்திரி இலவசம்தானே என்பார்கள். டாக்டர் இலவசம்தான். மாத்தளை கிளினிக்குக்குப் போகும் பஸ் காசு இலவசமல்ல. அங்கே இல்லாத மாத்திரையை வெளியே பாமசியில்தான் வாங்க வேண்டும். பணம் முழுவதையும் கொடுத்துவிட்ட தாய், அந்தப் பஸ் காசுக்கு மருமகளின் முகத்தைப் பார்த்து நிற்கிறாள். அவளை அங்கே நிறுத்தியது பிள்ளைப் பாசம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. விரும்பி ஒரு பங்கைக் கொடுப்பது அவள் உரிமை. முழுவதையும் கேட்பது பிள்ளைகள் செய்யும் தவறு.

அவளுக்குச் சிக்கனம் போதிப்பதும் சரியல்ல. எழுதுவினைஞர் முன்யோசனைக்காரர் என்பதால் அவருக்கு ஓய்வூதியம் வரவில்லை. அவருக்காக அரசே யோசித்து வைத்தது. தோட்டத்தில் அந்த யோசனையைத் தொழிலாளியின் தலையில் போட்டுவிட்டு, சேர்ந்ததையும் முறையாகக் கட்டாத இடங்கள் உண்டு. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், மாத்தளையின் எல்கடுவ பிளான்டேஷன் ஆகிய மூன்றும் அரசின் கையில் உள்ளவை. இவற்றின் சேமலாப நிதி, பணிக்கொடை நிலுவைகள் வருடக்கணக்காகத் தேங்கிக் கிடந்தது நாடறிந்த செய்தி. சம்பளத்தில் வெட்டிய 8 வீதத்தை நிதிக்கு அனுப்பாமல் வைத்திருப்பது நிர்வாகத் தாமதமல்ல, திருட்டு. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போதும் வங்கிகளின் திறைசேரி முறிகளை விட்டுவிட்டு, சேமலாப நிதியின் முறிகளில்தான் கைவைத்தார்கள். சுமையைத் தாங்க அழைக்கப்பட்டவர்கள் மீண்டும் கூலிக்காரர்களே.

பெரிய நியாயங்கள் வரும்வரை காத்திருக்க முடியாத சிறிய காரியம் ஒன்றும் இருக்கிறது. லயத்து அலமாரியில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அதற்குள் சேமலாப நிதியின் பி கார்டும் அடையாள அட்டையும். ஒன்றில் 'மாரியாயி', மற்றொன்றில் 'மாரியம்மா'. அந்தப் பெயர் வித்தியாசத்துக்காக வயதானவர்கள் தொழில் அலுவலகத்துக்கும் தோட்ட ஆபீசுக்கும் அலைகிறார்கள். படித்த பிள்ளைகளே, அம்மாவிடம் காசு கேட்குமுன் அந்தப் பையைத் திறந்து பாருங்கள். பெயரைத் திருத்திக் கொடுங்கள். பின்னுரித்தாளியின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அவர் இன்னும் வேலையில் இருக்கும்போதே செய்யுங்கள்.